புள்ளியில் சேராத பாடங்கள்

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு எங்கள் பெரியம்மாவின் மகள் ஊருக்கு வந்திருந்தார். நான் ராத்தா என்று அழைக்கும் அவர்தான் எங்கள் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற முதற் பெண். தூரத்திலுள்ள ஓர் அரச பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவப் பட்டப்படிப்பில் முதலாம் வருடம் படிக்கிறார். பெருநாள் பகல் வட்டிலப்பம் பரிமாறிக்கொண்டிருந்தபோது யாரோ, "மகள், சோதினை ரிசல்ட்ஸ் வந்ததா?" என்று கேட்டார்கள். ராத்தா தட்டைப் பார்த்தபடியே, "எல்லாம் பாஸ். ஒரு பாடம் மட்டும் திரும்ப எழுதணும்" என்றார். அந்தப் பாடம் வணிகக் கணிதம்.

பிறகு நடந்த பேச்சை நான் மறக்கவில்லை. "பொம்புளப் புள்ளைக்கு இவ்வளவு தூரம் எதுக்கு? இனிப் போதும், ஊரோட வந்து நிண்டா என்ன?" என்று ஒருவர் சொன்னார். "ஒரு நல்ல இடமும் வந்திருக்கு" என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். ராத்தாவின் தம்பியும் அங்கேதான் இருந்தான். உயர்தரத்தில் முதல் தடவை இரண்டு பாடங்களில் சித்தியடையாதவன் அவன். அன்று அவனுக்குச் சொல்லப்பட்டது, "பரவாயில்ல மகன், அடுத்த முறை எழுது" என்பதுதான். இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தவறியதும் பரீட்சையில்தான். ஆனால் ராத்தாவுக்குக் கிடைத்த ஆறுதல் வேறு விதமாக இருந்தது.

நான் அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதப்போகும் வர்த்தகப் பிரிவு மாணவி. ராத்தாவின் ஒரு பாடம் என் பயணத்தையும் நிறுத்திவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. ஆகவே அவர் ஊரில் நின்ற பத்து நாட்களும் அவருடைய குறிப்புக் கொப்பிகளை வாங்கிப் பார்த்தேன். கேள்விகள் கேட்டேன். எனக்கு விளங்கியது இதுதான்: முகாமைத்துவப் பட்டத்தின் முதல் வருடத்தில் எம் போன்ற மாணவிகள் தடுக்கி விழுவது கணக்கீட்டிலோ வணிகக் கல்வியிலோ அல்ல. இசட் புள்ளியில் சேராது என்று பாடசாலையில் நாம் ஒதுக்கிவைத்த பாடங்களில்தான்.

முதலில், அந்த முதல் வருடத்தில் என்ன படிக்கிறார்கள் என்பதைப் பெற்றோருக்காகச் சொல்கிறேன். கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி, பேராதனை, யாழ்ப்பாணம், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எனப் பல அரச பல்கலைக்கழகங்களில் முகாமைத்துவமும் வணிகமும் சார்ந்த பட்டப்படிப்புகள் இருக்கின்றன. பாடங்களின் பெயர்கள் சற்று வேறுபடலாம். ஆனாலும் ஆரம்பத்தில் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வகையான பாடங்களையே படிக்கிறார்கள். முகாமைத்துவக் கோட்பாடுகள், நிதிக் கணக்கீடு, பொருளியல், வணிகக் கணிதம், புள்ளிவிபரவியல், தகவல் தொழில்நுட்பம், வணிகச் சட்டம், வணிகத் தொடர்பாடல், ஆங்கிலம் என்பவை அவை. இவற்றையே அடிப்படைப் பாடங்கள் என்கிறார்கள். சந்தைப்படுத்தல், நிதி, மனிதவள முகாமைத்துவம் போன்ற சிறப்புத் துறைகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. விரும்பிய துறை கிடைக்குமா என்பதையும் பல பீடங்களில் ஆரம்பப் பெறுபேறுகளே தீர்மானிக்கின்றன.

"இதெல்லாம் உயர்தரத்தில் படித்ததுதானே, ஒரு வருடம் வீண்தானே?" என்று உம்மா கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு எல்லோரும் நாம் எடுத்த அதே மூன்று பாடங்களோடு வருவதில்லை. பாடசாலையும் மொழிமூலமும் மாவட்டமும் வேறு வேறு. அவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவது இந்த முதல் வருடத்தின் வேலை. நாம் படித்தவையும் அங்கே வேறு உருவம் எடுக்கின்றன. உயர்தரப் பொருளியலில் எல்லைச் செலவை அட்டவணையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக் காண்கிறோம். அங்கே அதையே வகையீட்டால் காண்கிறார்கள். கேள்வி வளையியை நாம் வரைகிறோம். அங்கே அதைச் சமன்பாடாக எழுதித் தீர்க்கிறார்கள். கருத்து ஒன்றுதான், மொழி மட்டும் கணிதமாக மாறிவிடுகிறது.

வணிகம் கற்பதற்கு இவ்வளவு அடிப்படை ஏன் என்ற கேள்வி புதிதல்ல. பல்கலைக்கழகமொன்றின் கீழ் வணிகத்துக்கென அமைந்த முதலாவது கல்லூரியான வார்ட்டன், 1881இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதன்பின் இத்தகைய கல்லூரிகள் அந்நாட்டில் பெருகின. ஆனால் 1959இல் ஃபோர்ட் மன்றமும் கார்னகி நிறுவனமும் செய்வித்த இரண்டு ஆய்வறிக்கைகள், அவற்றில் பல கல்லூரிகள் தொழில் நுணுக்கங்களை மட்டும் குறுகலாகக் கற்பிக்கின்றன என்று குறை கூறின. கணிதம், புள்ளிவிபரவியல், பொருளியல், மனித நடத்தை பற்றிய கல்வி என அடித்தளத்தை அகலமாக்க வேண்டும் என்றும் அவை வற்புறுத்தின. இன்று உலகெங்கும் வணிகப் பட்டங்களின் தொடக்கத்தில் இப்பாடங்கள் இருப்பதற்கு அந்த மாற்றமும் ஒரு காரணம்.

அமெரிக்கா வரை போகவும் தேவையில்லை. எங்கள் வாப்பா மிளகு வியாபாரி. மாத்தளை என்றால் மிளகும் கொக்கோவும் கராம்பும்தானே. உக்குவெல, ரத்தோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து கொண்டுவரும் மிளகை வாங்கிக் காயவைத்து, கொழும்புக்கு அனுப்புகிறார். ஈரம் அதிகமிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் 12 வீத ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய கணக்கு. 16 வீத ஈரமுள்ள மிளகு 100 கிலோ வந்தால், 16இலிருந்து 12ஐக் கழித்து, 4 கிலோ குறைத்து 96 கிலோவுக்குப் பணம் கொடுப்பார். எத்தனையோ வருடங்களாக அப்படித்தான்.

ராத்தா அந்தக் கணக்கைக் கடைத் துண்டொன்றின் பின்புறத்தில் போட்டுக் காட்டினார். காயும்போது போவது தண்ணீர் மட்டும். மிளகின் உலர்ந்த பகுதியான 84 கிலோ அப்படியே இருக்கும். காய்ந்த பின்னர் அந்த 84 கிலோ, மொத்த நிறையில் 88 வீதமாக இருக்க வேண்டும். ஆகவே 84ஐ 0.88ஆல் வகுக்க வேண்டும். விடை 95.45 கிலோ. குறைய வேண்டியது 4 கிலோ அல்ல, ஏறத்தாழ நாலரைக் கிலோ. ஒரு தொன்னுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் மிளகின் விலை வாப்பாவின் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. வாப்பா துண்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "இதைத்தான் அங்க பெயிலாக்கினாங்களா?" என்று கேட்டார்.

இது வெறும் 11ஆம் தரத்துச் சதவீதக் கணக்கு. இந்தக் கணக்கு தெரிந்த ராத்தாவே ஏன் சித்தியடையவில்லை? அவருடைய பதில் நேர்மையானது. "சாதாரண தரம் முடிஞ்ச அண்டைக்குக் கணிதப் புத்தகத்தைக் கட்டி வெச்சேன். திரும்பத் தொட்டது பல்கலைக்கழகத்தில்தான். கடைக் கணக்கு மறக்காது. சமன்பாடும் மடக்கையும் மறந்துபோச்சு. அங்க முதல் விரிவுரையிலேயே வகையீடு. அதுவும் இங்கிலீஷில்."

இந்த இடைவெளிதான் என் கட்டுரையின் மையம். வர்த்தகப் பிரிவில் பெரும்பாலும் நாம் எடுப்பது கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல். கணிதம் இல்லை. பரீட்சையையும் முடிவுகளையும் பல்கலைக்கழக அனுமதியையும் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், கணிதத்தைத் தொடாத வருடங்கள் மூன்றுக்கு மேல் போய்விடும். பொது ஆங்கிலம் நேரசூசியில் இருக்கிறது. ஆனால் அது இசட் புள்ளியில் சேராது. 12ஆம் தரத்துப் பொதுத் தகவல் தொழில்நுட்பமும் சேராது. பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி எடுத்தால் போதும். ஆகவே பொது ஆங்கிலப் பாடவேளையில் நாம் என்ன செய்கிறோம்? கணக்கீட்டு வீட்டுவேலையை மேசைக்குக் கீழே வைத்துச் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். ஆசிரியை கண்டும் காணாததுபோல் விட்டிருக்கிறார், எங்கள் பதற்றம் அவருக்கும் தெரியும் என்பதால்.

அந்த மூன்றையும் அடிப்படைப் பாடங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணிதம், ஆங்கிலம், கணினி. பாடசாலையில் கடைசி வாங்கில் உட்காரவைத்த பாடங்கள்தாம் அங்கே வாசலில் நின்று நம்மை விசாரிக்கின்றன.

இசட் புள்ளியைப் பற்றியே ஒரு விடயம் சொல்ல வேண்டும். 2001ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலிருந்து நம் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் எண் அது. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் மாவட்டங்களுக்கு. எங்கள் மாத்தளை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே வெட்டுப்புள்ளியில் ஒரு சிறு தசமமும் நமக்குப் பெரியது. ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்று வகுப்பில் கேட்டபோது ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கும்தான்.

ராத்தாவின் முதல் வருடப் புள்ளிவிபரவியல் கொப்பியில் அது இருந்தது. நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். ஓர் உதாரணத்துக்கு, கணக்கீட்டில் இடை 45, நியம விலகல் 20 என்று வைத்துக்கொள்வோம். 65 எடுத்தவருக்கு இசட் 1 வரும். பொருளியலில் இடை 40, நியம விலகல் 10 என்றால், 60 எடுத்தவருக்கு இசட் 2. ஐந்து புள்ளி குறைவாக எடுத்த பாடம் இரு மடங்கு உயர்ந்து நிற்கிறது. மூன்று பாடங்களின் சராசரியே இறுதி இசட் புள்ளி. இதைப் படித்த அன்று இரவு எனக்கு ஒரு தெளிவு வந்தது. நம்மை அளக்கும் கோலைக்கூட அறியாமல் அதற்காக ஓடிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கோலை நம் கையில் தருவது "வீண்" என்று நாம் சொல்லும் ஓர் அடிப்படைப் பாடம்.

பிழை மாணவர்களுடையது மட்டுமா என்றால், இல்லை. பதின்மூன்று வருடங்கள் தமிழில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கச் சில வாரத் தயார்ப்படுத்தல் வகுப்பு போதாது. பாடசாலையில் தெரியும்தானே என்று பல்கலைக்கழகம் நினைக்கிறது. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொள்வார்கள் என்று பாடசாலை நினைக்கிறது. நடுவில் விழுவது பிள்ளை. புள்ளியில் சேராத பாடத்துக்கும் ஏதேனும் மதிப்பு இருக்கும்படி அனுமதி முறையை ஒருநாள் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அது மாறும்வரை நாம் சும்மா இருக்க முடியாது.

இன்னொரு பழக்கத்தையும் நாம் கழற்ற வேண்டியிருக்கிறது. அது பிரத்தியேக வகுப்பு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கல்வியாண்டு என்பது 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு மாணவர் செலவிட வேண்டிய நேரம் 50 மணித்தியாலம். மூன்று கிரெடிட் பாடமொன்றுக்கு 150 மணித்தியாலம். அதில் விரிவுரை 45 மணித்தியாலம் அளவில்தான். மீதி நூறு மணித்தியாலமும் நாமே நூலகத்திலும் விடுதி மேசையிலும் உட்கார்ந்து படிக்க வேண்டியவை. குறிப்பை அச்சடித்துத் தரும் "சேர்" அங்கே இல்லை. தானாகப் படிக்கும் பழக்கமும் ஓர் அடிப்படைப் பாடம்தான், அதற்குப் பாடக் குறியீடு மட்டும் இல்லை.

பெற்றோர் சிலர் "ஃபவுண்டேஷன்" என்ற சொல்லைக் கேட்டதும் வேறொன்றை நினைக்கிறார்கள். சாதாரண தரம் முடித்தவுடன் சேரலாம், உயர்தரம் தேவையில்லை, நேரே வெளிநாட்டுப் பட்டம் என்று தனியார் நிறுவனங்கள் விளம்பரம் செய்யும் பாடநெறி அது. நான் எழுதுவது அதைப் பற்றி அல்ல. அந்தப் பாதை சிலருக்குப் பொருந்தலாம். ஆனால் இந்நாட்டு மாணவி ஒருத்தி அந்தச் சான்றிதழைக் கொண்டு, உயர்தரம் இல்லாமல் அரச பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முடியாது. பணம் கட்டுவதற்கு முன்னர், இறுதியில் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எது, அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா, முழுப் படிப்புக்கும் செலவு எவ்வளவு என்ற மூன்றையும் கேளுங்கள். நகையை அடகு வைத்த பின்னர் கேட்பதில் பயனில்லை.

இனி என்ன செய்யலாம்? நான் பெரிய திட்டம் எதுவும் சொல்லவில்லை. இந்தத் தவணையிலிருந்து எங்கள் வகுப்பில் ஆறு பேர் செவ்வாய்க்கிழமைகளில் பாடசாலை முடிந்து ஒரு மணித்தியாலம் நிற்கிறோம். முதல் அரை மணித்தியாலம் 11ஆம் தரக் கணிதப் புத்தகம். சமன்பாடு, வரைபு, சதவீதம், மடக்கை. அடுத்த அரை மணித்தியாலம் ஆங்கிலப் பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் ஒரு செய்தியை வாசித்து, அதன் சாரத்தை ஐந்து வரியில் எழுதுகிறோம். சென்ற கிழமை தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்து மரக்கறி விலைகளைக் கணினியில் அட்டவணையாக இட்டு வரைபு வரைந்தோம். எங்கள் மாவட்டத்திலேயே நாட்டின் பெரிய மரக்கறிச் சந்தைகளில் ஒன்று இருக்கிறது. கேள்வியும் நிரம்பலும் அங்கே லொறியில் வந்து இறங்குகின்றன.

தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்வேன். பொது ஆங்கிலப் பாடவேளையில் பொது ஆங்கிலத்தையே படியுங்கள். சாதாரண தரம் முடிந்ததும் கணிதப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படிக்கும் பழைய மாணவிகளை வருடத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் முன் பேசவையுங்கள். பட்டம் பெற்றவர்களின் வெற்றிக் கதைகளைப் பரிசளிப்பு விழாக்களில் கேட்டிருக்கிறோம். ஒரு பாடத்தில் விழுந்து, எழும்ப முயன்றுகொண்டிருப்பவரின் பேச்சு எங்களுக்கு இன்னும் அதிகமாக உதவும்.

பெற்றோரிடம் கேட்பது பெரியது, ஆனால் செலவில்லாதது. முதல் வருடத்தில் உங்கள் மகள் ஒரு பாடத்தில் தவறினால், அவளுக்குத் தகுதி இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் யாரும் கட்டாத ஒரு துண்டுப் பாலத்தை அவள் தனியாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். மகனுக்குச் சொல்லும் அதே வார்த்தையை அவளுக்கும் சொல்லுங்கள்: "பரவாயில்ல மகள், அடுத்த முறை எழுது." நமது மார்க்கத்தில் முதலில் இறங்கிய கட்டளை ஓதுவீராக என்பது. அது ஆணுக்கு மட்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

ராத்தா திரும்பிப் போய்விட்டார். வந்த நல்ல இடத்துக்கு, படிப்பு முடியட்டும் என்று பெரியப்பா பதில் அனுப்பியதாகக் கேள்வி. புறப்படும் நாளில் மாத்தளை பஸ் நிலையம் வரை நானும் வாப்பாவும் போனோம். பையை மூடுவதற்கு முன் ராத்தா என்னிடம் ஒன்று கேட்டு வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். என்னுடைய 11ஆம் தரக் கணிதப் புத்தகம். அதனால் செவ்வாய்க்கிழமைகளில் நான் பக்கத்துத் தோழியின் புத்தகத்தைத்தான் பார்க்கிறேன்.

வாப்பா எனக்கு இன்னும் முடிவு எதுவும் சொல்லவில்லை. ஆனால் மிளகு வாங்கும்போது இப்போது 0.88ஆல் வகுக்கிறார்.

க.பொ.த. உயர்தரம், வர்த்தகப் பிரிவு